பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தவர்

அவருடைய பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர். ரசீதில் அவர் வைக்கும் கையெழுத்து முறுக்கிப் போட்ட கம்பி மாதிரி இருக்கும். அதில் பெயரை வாசிக்க முடியாது. அம்மா அவரை "நானா" என்று கூப்பிட்டார். முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நானும் நானா என்றேன். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் இன்சூரன்ஸ் நானா.

ராகலை டவுனில் ஒரு துணிக்கடையின் முன்மூலையில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. மேசையில் கைநாட்டு வாங்குகிற மைப்பெட்டி, விண்ணப்பப் பாரங்கள் வைத்த கோப்பு, ஒரு ஃபிளாஸ்க். சட்டைப் பையில் மூடி போட்ட பேனா. ஊரெல்லாம் தலையில் அழுத்தினால் எழுதுகிற பேனாவுக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. அவருக்கு அந்த மூடி தேவைப்பட்டது.

ஒரு கேள்வி கேட்பார். பேனாவின் மூடியைப் போடுவார். பிறகு காத்திருப்பார். முறைத்துப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், இருமக்கூட மாட்டார். பதில் வந்தால் மூடியைக் கழற்றுவார். வந்த பதில் அவருக்குப் பிடிக்காவிட்டால் மூடி கழலாது. அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் எங்கெங்கே, யார் யாருக்காகக் காத்திருந்தார் என்பதுதான்.

முதலில் காத்திருந்தது அம்மாவுக்கு. தோட்டத்து லயத்தின் வரிசை அறையை விட்டு நாங்கள் தனி வீட்டுக்கு வந்த புதிது. ஏழு பேர்ச் நிலம், இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. அந்த வருடம் அடித்த காற்றில் மேல் டிவிசனில் நான்கு வீட்டுக் கூரை போயிருந்தது. நானா படியேறி வந்து, முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து, அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, இந்தத் தகரம் காத்துல போனா நீங்க என்ன செய்வீங்க?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்ததும் வராததுமா வாயக் கழுவுங்க நானா. புது வீடு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விட்டார். ஒரு கட்டு அறுத்துச் சுமந்துகொண்டு வந்தபோது நானா அதே கல்லில் இருந்தார். அம்மா தண்ணீர் பிடித்தார், விறகு பிளந்தார், சோறு வடித்தார். நானா இருந்தார். தன் ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்.

"என்னங்க நானா, இங்கயே குந்திட்டீங்க?"

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் சொல்லல்லயே."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "என்ன செய்யிறது? ஒண்ணும் செய்ய ஏலாது. திரும்ப லயத்துக்குத்தான் போகணும்" என்றார். நானா மூடியைக் கழற்றினார். அம்மா பெருவிரலை நீட்டினார்.

அந்தப் பெருவிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த விரல். தேயிலைக் கறை ஏறி வெடித்து, ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்தது. விறகு பிளக்கும்போது கத்தி பட்ட தழும்பு ஒன்று குறுக்கே கிடந்தது. அம்மா கைநாட்டு வைத்தால் தாளில் ஒரு கறுப்புத் திட்டும், அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடும் விழும். ரேகை என்று எதுவும் இருக்காது. நானா அதைப் பார்த்து, "இத வச்சி ஒங்களப் பொலிஸ் புடிக்க ஏலாது தங்கச்சி" என்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வருடத்துக்கு ஒரு தரம் இந்தப் பேச்சு நடக்கும். அதே பேச்சு, அதே சிரிப்பு.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. வலப்பனைப் பக்கம் ஒரு கடையில் நெருப்புப் பிடித்தது. எரிந்த சாமான்கள் என்று கடைக்காரர் நான்கு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி வைத்திருந்தாராம். நானா போய்ப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, கடைக்குள்ள என்ன இருந்த?" என்று கேட்டு மூடியைப் போட்டாராம். கடைக்காரர் பட்டியலைக் காட்டினாராம். நானா மூடியைக் கழற்றவில்லை. சோறு வந்தது, வேண்டாம் என்றார். அஸர் தொழுகைக்கு எழும்பிப் போனார். "போய்த் தொலஞ்சான்" என்று கடைக்காரர் நினைத்தபோது திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பொழுது சாயும்போது கடைக்காரரே பேனாவை வாங்கிப் பட்டியலில் இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டாராம்.

"ஒரு வார்த்த பேசலங்க அந்தாளு! என் கையாலயே வெட்டினேன். கல்லுளிமங்கன்" என்று அந்தக் கடைக்காரர் பஸ்ஸில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். மீதி இரண்டு பக்கத்துச் சாமானுக்கும் ஒன்றுகூடக் குறையாமல் கம்பனி கொடுத்ததை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். நான் பேச்சில் குறைவு. சின்ன வயதிலேயே அப்படித்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்கூட எனக்காகப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் "இருக்கு" என்று சொல்வார்கள். பிறகு ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரோடும் பேசத் தேவையில்லை. அங்கேயே கல்யாணம், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊன்றிவிட்டேன். அண்ணன் கொழும்பில் இருந்தார். தோட்டத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தார். பக்கத்து வீட்டு மாரியக்கா பார்த்துக்கொண்டார்.

அம்மா ஆடி மாதத்தில் இறந்தார். முதல் நாள் மாலை பூச்செடிக்கு மண் அணைத்தவர், காலையில் எழும்பவில்லை.

முப்பதாம் நாள் காரியமும் முடிந்து அண்ணன் கொழும்புக்குப் போன பிறகு, வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அம்மாவின் பேருக்குத் தோட்டம் கொடுத்த ஒரு கடிதம்தான் உண்டு. மாரியக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இங்க பாரு புள்ள. ஆளில்லாத வீடுன்னு தோட்டத்து ஆபீசுக்குத் தெரிஞ்சிச்சின்னா வேற ஆளுக்கு எழுதிக் குடுத்துருவானுங்க. நீ எதுலயும் வீடு சும்மா கெடக்குன்னு எழுதிப்புடாத. கேக்குறவனுக்கெல்லாம் ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னு சொல்லு. நானும் சொல்றேன். நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க."

அது உண்மையா, வெறும் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் ஐப்பசி. வடகிழக்குக் காற்று தொடங்குகிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது, கீழே படியில் நானா ஏறி வருவது தெரிந்தது. நான் செய்ததை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அம்மாவின் போட்டோவைக் கழற்றி அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். அதற்கு முன்னால் எரிந்த விளக்கை அணைத்தேன்.

"தங்கச்சி எங்க?" என்று கேட்டார்.

"அம்மா... அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காங்க நானா. கொழும்புக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். புதிதாக அடித்த ஆணி தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அணைத்த திரியின் வாசனை. அவர் பேனாவை எடுக்கவில்லை. பாரத்தை என்னிடம் தந்தார். "சரி மகள். தங்கச்சி வந்ததும் கைநாட்ட வாங்கிட்டு டவுனுக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஹட்டனுக்கு எடுத்துப் போய், கடையின் சீல் அடிக்கிற மைப்பெட்டியில் என் பெருவிரலைத் தோய்த்து, அம்மாவின் பேருக்கு நேரே வைத்தேன். யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். வருடா வருடம் போகிற பணம் இந்த வருடமும் போகிறது. வீடு அதே வீடு. அம்மா மட்டும் கொஞ்ச காலம் தாளில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ராகலையில் அவருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பாரத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். என் கைநாட்டு ஊதா நிறத்தில், வட்டம் வட்டமாக, ஒரு ரேகை தவறாமல் பளிச்சென்று விழுந்திருந்தது. தையல்காரியின் விரல். அவர் கோப்பிலிருந்து போன வருடத்துப் பாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கறுப்புத் திட்டு, நடுவே வெள்ளைக் கோடு.

"இது ஆர்ர கைநாட்டு மகள்?"

பேனாவின் மூடியைப் போட்டார்.

துணிக்கடைக்கு ஒரு குடும்பம் வந்து பாவாடைத் துணி பார்த்துவிட்டுப் போனது. எதிரே நுவரெலியா பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, புறப்பட்டது. நான் அதில் போயிருக்க வேண்டும். நானா ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. ஒரு தரமாவது அவர் அதட்டியிருந்தால் நான் பொய்யைப் பிடித்துக்கொண்டே இருந்திருப்பேன். அவர் அதட்டவில்லை. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

"அம்மா செத்துட்டாங்க நானா."

"தெரியும் மகள்" என்றார். "நான் அந்த நேரம் கண்டியில, ஆஸ்பத்திரியில. கண் ஒபரேசன். வந்ததும் ஆள்கள் சொன்ன. ஒங்கட வீட்டுக்கு நான் அன்னைக்கி வந்தது பாரத்துக்கில்ல. மௌத்துக்கு வர ஏலாமப் போச்சே, அத விசாரிக்கத்தான். செவத்துல போட்டோவக் காணல்ல, அதுதான் 'தங்கச்சி எங்க' எண்டு கேட்ட."

"அப்ப ஏன் நானா அன்னைக்கே சொல்லல?"

"நான் சொல்லி என்னத்துக்கு? பாரத்துல ஒப்பம் வைக்கிறது நான் இல்லயே. நீங்க தானே. நீங்கதான் சொல்லோணும்."

நான் அழுதேன். துணிக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள். நானா அவளிடம் கையால் ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, பொய்க் கைநாட்டுப் பாரத்தை நான்காக மடித்து என்னிடம் தந்தார்.

"இத அடுப்புல போடுங்க. நான் கண்டுட்டன். கம்பனி காணல்ல. இப்பிடி வச்சிக்கிட்டு இருந்து தகரம் போச்செண்டா, மொதல்ல கேக்குறது 'அந்தம்மா எங்க' எண்டுதான். அப்ப நீங்க எங்க போய் அம்மாவக் கொண்டு வருவீங்க?"

மரணச் சான்றிதழ், கிராம சேவகரிடம் ஒரு கடிதம், அண்ணனிடம் ஒரு கடிதம். மூன்றையும் சேர்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. சான்றிதழ் எடுக்கிற கவுண்டரில் இருக்கிறவர் சிங்களத்தில் ஏதாவது கேட்பார் என்று பயந்து, நான் முதல் நாளே வாக்கியத்தை எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அந்த ஐந்து வாரமும் மழை. ஒவ்வொரு நாளும் கூரையை நினைத்தேன்.

பிறகு நானா வீட்டைப் பார்க்க வந்தார். சாவி என் கையில் இருந்தது. ஆனாலும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று மூன்று தரம் தட்டினார். உள்ளே யாருமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்றார். பிறகு "தொறங்க மகள்" என்றார்.

உள்ளே வந்ததும் அவர் எதையும் அளக்கவில்லை, படம் எடுக்கவில்லை. நடு அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமின்மைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குசினிக் குழாய் சொட்டியது. மோட்டில் எலி ஓடியது. கிழக்கு மூலையில் ஒரு தகரம் காற்றுக்கு லேசாக எழும்பி அடித்தது.

"அந்த மூலத் தகரம் பேசுது. ஆணி அடிக்கோணும்" என்றார். "ஆள் இருக்கிற வீட்டுல இதெல்லாம் கேக்காது."

பிறகுதான் பாரத்தை எடுத்தார். சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை அறை. எல்லாவற்றுக்கும் சொன்னேன். அடுத்த கேள்விக்கு வந்தார்.

"வீட்டுல இப்ப ஆரு ஈக்கிறாங்க?"

மூடியைப் போட்டார்.

ஜன்னலுக்கு வெளியே மாரியக்கா துணி காயப்போடுகிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். "ஒருத்தரும் இல்லை." எழுத்தில் எவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொன்னால் மாரியக்காவுக்குக் கேட்கும், லயத்துக்குத் தெரியும், ஆபீசுக்குப் போகும். அது மட்டும் காரணமில்லை. அம்மாவின் செருப்பு கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"மகள், இது கம்பனிப் பேப்பர். கம்பனிக்குத்தான் போகும். தோட்டத்து ஆபீசுக்குப் போகாது. அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று.

அவர் நெடுநேரம் காத்திருந்தார். அவ்வளவு நேரம் காத்திருந்தும் அவருக்கு வார்த்தை கிடைக்காமல் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தரம்தான். கடைசியில் மூடியைக் கழற்றினார். "தலையாட்டினத நான் எழுதுறதில்ல. இண்டைக்கி மட்டும் எழுதுறன்" என்றார்.

'ஆள் வசிக்காத வீடு' என்று எழுதினார். கட்டணம் கொஞ்சம் கூடும் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் நான் வந்து பார்க்க வேண்டும், வந்த நாளைக் கொப்பியில் குறிக்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கி வைக்க வேண்டும். காஸ் சிலிண்டரை எடுத்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அடுப்பு மூட்டினால் நெருப்பு அணையும் வரை ஆள் நிற்க வேண்டும். மூட்டிவிட்டுப் போகக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, பாரத்தின் அடியில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் எதையோ எழுதினார். எழுதி, ஜன்னல் பக்கம் பார்த்து, யோசித்து, இன்னும் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் ஒப்பத்தை வைத்தேன்.

போகும்போது போன வருடத்துப் பாரத்தின் பிரதியை என் கையில் கொடுத்தார். "இது கம்பனிக்கு இனித் தேவல்ல" என்றார். அம்மாவின் கைநாட்டு இருக்கிற தாள். இப்போதும் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

அதற்கு அடுத்த இரண்டு வருடமும் அவரே புதுப்பித்துத் தந்தார். மூன்றாம் வருடம் நான் போனபோது அந்த மூலையில் மேசை இல்லை. அங்கே குடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வருடம் கம்பனிக்கே நேரே பணம் கட்டிப் புதுப்பித்தேன். நோன்புப் பெருநாளுக்கு முதல் வாரம் மௌத்தாகிவிட்டார் என்று துணிக்கடைப் பெண் சொன்னாள். அவருடைய மௌத்துக்கு நானும் போகவில்லை. வீடு எங்கே என்று கேட்டு, ஒரு நாள் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருடம் கார்த்திகையில் அடித்த காற்றில் எங்கள் கூரை போனது. கிழக்கு மூலையில் ஆணி அடித்திருந்ததால் அந்தப் பக்கம் நின்றது. மேற்குப் பக்கம் ஆறு தகரம் பறந்து தேயிலைக்குள் கிடந்தது. சுவர் ஊறி ஒரு பக்கம் வெடித்தது.

கம்பனியிலிருந்து சேதம் பார்க்கிறவர் வருகிறார் என்று எனக்குப் போன் வந்தது. நான் ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, இரண்டு பஸ் மாறி, படியேறி வந்து சேர்ந்தபோது வீட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். குசினிப் புகைக்கூண்டிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. கொடியில் ஈரச் சேலை இரண்டு. வாசலில் மூன்று சோடி செருப்பு. உள்ளே நனையாத மூலையில் பாய் விரித்து, தலையணை போட்டு, பக்கத்தில் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை ஒன்று.

"என்னக்கா இது?"

"நீ சும்மா இரு. விடியக்காலைலயே வந்து எல்லாம் செஞ்சிட்டேன்" என்றார் மாரியக்கா. "சோறு வடிச்சாச்சு. கேட்டா நீ இங்கதான் இருக்கன்னு சொல்லிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லப்போறாங்க. நீ வாயத் தொறக்க வேணாம்."

"அக்கா, பாரத்துல..." என்று தொடங்கினேன். அதற்குள் கம்பனி ஆள் படியேறி வந்துவிட்டார். சின்ன வயது, கண்டியிலிருந்து வந்த தமிழ்ப் பையன். அவரோடு தோட்டத்து ஆபீசின் வெல்ஃபெயார் ஐயாவும் வந்தார். காற்றில் சேதமான வீடுகளைக் கணக்கெடுக்க வந்தாராம். பாரத்தில் ஆளில்லை என்று இருக்கிறது. இவர்கள் ஆள் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்பனி ஒன்றும் தராது. நான் ஆளில்லை என்று சொன்னால், எந்த ஆபீசுக்குத் தெரியக்கூடாது என்று இவ்வளவு காலம் இருந்தோமோ அந்த ஆபீசின் காதிலேயே விழும்.

பையன் கூரையைப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு கோப்பைத் திறந்துகொண்டு கேட்டார்: "இந்த வீட்டுல யாரு இருக்கீங்க?"

"இந்தப் புள்ளதான்" என்றார் மாரியக்கா.

"புருசன் வாரத்துக்கு ரெண்டு நாளு வருவாருங்க" என்றது பின்னால் ஒரு குரல்.

"முந்தாநேத்துக் கூட இவங்க வூட்டு ரேடியோ சத்தம் தாங்கலங்க. நான்தான் கொறைக்கச் சொன்னேன்" என்றார் மேல் வீட்டு மாமா. அந்த வீட்டில் மின்சாரமே இல்லை. மெயின் சுவிட்ச் இறங்கி மூன்று வருடம்.

"காத்தடிச்ச அன்னைக்கி இது உள்ளதாங்க படுத்திருந்துச்சு. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். உசுரு தப்பினதே பெருசு" என்று மாரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே கண்ணில் நீர் வந்திருந்தது.

பையன் கோப்பைப் பார்த்தார். குனிந்து இன்னும் கொஞ்சம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க சொல்லுங்க. யாரு இருக்காங்க?" என்றார்.

பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெல்ஃபெயார் ஐயா கையில் ஒரு டயரி வைத்திருந்தார். அடுப்பில் விறகு வெடித்தது. மாரியக்கா என் முழங்கையைக் கிள்ளினார். பையன் அவசரப்படவே இல்லை. மலைச்சரிவில் மழை நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிக் காத்திருந்தவர்களில் வேறு ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். மேலே, கூரையில்லாத பக்கத்தில், வானம் தெரிந்தது. குசினிக் குழாய் சொட்டுவது கேட்டது.

"ஒருத்தரும் இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அம்மா செத்ததிலேருந்து இங்க ஒருத்தரும் இல்ல. நான் ஹட்டன்ல இருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவேன். கொப்பி இருக்கு. இந்த அடுப்பு இன்னைக்குப் பத்த வச்சது. இவங்க எனக்காகச் சொல்றாங்க."

"அடிப்பாவி" என்றார் மாரியக்கா. "வாயத் தொறக்காத புள்ள தொறந்துச்சே, எங்க தொறந்துச்சு பாரு."

மேல் வீட்டு மாமா, "அப்ப ரேடியோ பக்கத்து வூட்டுதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நழுவினார். வெல்ஃபெயார் ஐயா டயரியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று தெரியாது. இன்றுவரை ஆபீசிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. வரலாம். வந்தால் போய்ப் பேசுவேன். கம்பனி தந்ததில் மேற்குப் பக்கத்துக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, சுவரும் பூசியாயிற்று. மாரியக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

ஆனால் அன்று பையன் போவதற்கு முன் ஒன்று செய்தார். எல்லாரும் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "இத நீங்க பாக்கணும்க்கா. வரும்போது பஸ்ல வாசிச்சு வாசிச்சு சிரிச்சுக்கிட்டே வந்தேன்" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். அம்மா இறந்த வருடத்துப் பாரம். அடியில் குறிப்புக் கட்டம். முறுக்கிய கம்பி மாதிரியான அந்தக் கையெழுத்துக்கு மேலே, யாரும் வாசிக்கக்கூடிய தெளிவான தமிழில் எழுதியிருந்தது:

'இவ்வீட்டில் ஆள் இருப்பதாக அயலவர்கள் சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்வது. ஏற்க வேண்டாம். மகளிடம் கேட்கவும். அவர் உண்மையைச் சொல்வார். கொஞ்சம் நேரம் எடுக்கும். காத்திருக்கவும்.'